அம்புக்கு எத்தனை முள்?

வில் வாங்கியவர் சந்தோஷமாக வீட்டுக்குப் போய்விடுவார். குறி தப்பியவர்தான் அம்புக் கடையைத் தேடி வருவார். கடை வைத்துப் பிழைத்தவர்கள் யாராவது இதைப் படித்தால் உங்களுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. செருப்புக் கடிக்கிறது என்று சண்டைக்கு வருகிறவர் தன் காலைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதுண்டா? சட்டை பிடிக்கிறது என்று தையல்காரரைத் திட்டுகிறவர் தன் தொப்பையைப் பற்றிச் சொல்வாரா? என் பாடும் அதே பாடுதான். கொஞ்சம் மேலே, குளிரில் பட்ட பாடு, அவ்வளவுதான் வித்தியாசம்.

கொடைக்கானல் பஜாரில் எங்களுக்கு ஒரு கடை, அதில் இரண்டு பாதி. ஒரு பாதியில் என் அக்காவைக் கட்டிய காதர் மச்சான் மளிகை வைத்திருந்தார். மறு பாதி என்னுடையது. டென்னிஸ் மட்டைக்கு நரம்பு கட்டுவேன், தூண்டில் விற்பேன், கைத்தடிக்குப் பூண் போடுவேன், அப்புறம் அம்பு. வெள்ளைக்காரத் துரைமார்கள் கப்பலில் கொண்டுவந்த வில்கள் அப்போது மலையில் பங்களாவுக்குப் பங்களா தொங்கும். இரண்டு முனையும் முன்பக்கமாகத் திரும்பி வளைந்த அழகான வில்கள். ஊருக்குத் திரும்பும்போது யாருக்காவது கொடுத்துவிட்டுப் போவார்கள். வில் கிடக்கும், அம்புதான் உடையும், புதரில் தொலையும். ஐம்பதுகளில் சீமை அம்பு வருவது குறைந்ததும், வடகவுஞ்சிப் பக்கத்திலிருந்து சிறுமூங்கில் வரவழைத்து நானே செய்ய ஆரம்பித்தேன்.

கடைக்குள் நுழைந்தால் இடதுபக்கம் பெருங்காயம் மணக்கும், வலதுபக்கம் இறகு ஒட்டக் காய்ச்சும் வஜ்ஜிரம் நாறும். இன்றைக்கும் எங்கேயாவது அந்த இரண்டு வாடையும் சேர்ந்து வந்தால் எனக்கு மனசு என்னவோ செய்கிறது.

முள் வந்த வழி

ஊருக்குப் போன ஒரு துரை வில்லோடு ஒரு இங்கிலீஷ் புத்தகத்தையும் என்னிடம் விட்டுப் போனார். வில்லுக்கு அம்பு தேர்ந்தெடுக்கும்போது அதன் ‘ஸ்பைன்’ பார்க்க வேண்டும் என்று அதில் பக்கத்துக்குப் பக்கம் போட்டிருந்தது. என் இங்கிலீஷ் எட்டாவதோடு நின்றுபோனது. மச்சான் எங்கேயோ போய் அகராதி இரவல் வாங்கி வந்தார். முதுகெலும்பு என்று ஓர் அர்த்தம், முள் என்று இன்னோர் அர்த்தம். அம்புக்கு ஏது முதுகெலும்பு என்று முதலாவதைத் தள்ளிவிட்டு, முள்தான் சரி என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஒரு சாயங்காலம் முழுக்க இருவரும் அம்பைத் தடவித் தடவி முள்ளைத் தேடினோம். விரலில் சிலாம்பு ஏறியதுதான் மிச்சம்.

கடைசியில் தமிழ் தெரிந்த ஒரு பாதிரியார்தான் எங்களைக் கரையேற்றினார். நாணை விட்டதும் அம்பு கொஞ்சம் வளைந்து, வில்லின் கட்டையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டுமாம். வலதுகைக்காரர் விடும்போது, அம்பு வில்லுக்கு மீறி விறைப்பாக இருந்தால் இடப்பக்கம் ஒதுங்கும். ரொம்பத் துவண்டால் வலப்பக்கம் போகும். அந்த விறைப்புக்குத்தான் ‘ஸ்பைன்’ என்று பெயர். அவர் சொன்னபடி ஒரு பலகையில் இரண்டு ஆணி அடித்து, அம்பைக் குறுக்கே கிடத்தி, நடுவில் மளிகைக் கடையின் இரண்டு ராத்தல், அதாவது இரண்டு பவுண்டு எடைக்கல்லைத் தொங்கவிட்டோம். எவ்வளவு வளைகிறது என்று காட்டுவதற்கு ஒரு ஓட்டைத் தராசின் முள்ளைக் கழற்றி மாட்டி, அதன் பக்கத்தில் கோடு கோடாகக் கிழித்தேன். பலமான வில்லுக்கு முள் கொஞ்சம் இறங்கினால் போதும். இளகின வில்லுக்கு இன்னும் கூட இறங்க வேண்டும். அன்றிலிருந்து எங்கள் பஜாரில் அந்த வேலைக்கு ‘அம்புக்கு முள் பார்ப்பது’ என்றே பெயர். மச்சான் தராசை நிறுத்திவிட்டு வந்து பெருமையாகச் சொன்னார்: “பாத்தியா மாப்ள, முள்ளுன்னு அன்னைக்கே சொன்னேன்ல? இப்ப நீ உக்காந்து எதைப் பாத்துக்கிட்டு இருக்க?”

மொரட்டு அம்பு

ஒட்டன்சத்திரத்தில் காய்கறிக் கமிஷன் மண்டி வைத்திருந்த செல்லமுத்து, சீசனுக்குக் குடும்பத்தோடு மலைக்கு வந்தவர், ஒரு பங்களா ஏலத்தில் வில் ஒன்றை எடுத்துவிட்டார். அது ஒரு துரைசானி வைத்திருந்த இளகின வில். நான் முள் பார்த்து அதற்கேற்ற மெல்லிசு அம்பை எடுத்து வைத்தேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. இவ்வளவு பெரிய ஆள் இந்தக் குச்சியையா விடுவது என்று, இருப்பதிலேயே விறைப்பான அம்பாக அவரே பொறுக்கி எடுத்துக்கொண்டு போனார். நான் எவ்வளவோ சொன்னேன். வாடிக்கையாளர் கேட்கிற ஜாதியா?

மறுநாள் காலையில் வெள்ளனே வந்து நின்றார். ஓர் அம்புகூட இலக்கில் படவில்லை. எல்லாம் இடப்பக்கமாகவே போய், பக்கத்து உருளைக்கிழங்கு வயலில் ஒன்று, அவர் ஏறிவந்த சொந்த லாரியின் டயரில் ஒன்று. டிரைவர் ஸ்டெப்னி மாற்றிக்கொண்டிருந்தார். நான் பலகையில் இரண்டு அம்பையும் மாற்றி மாற்றி வைத்து, இது வில்லுக்குத் தக்கபடி வளையும், அது வளையாது என்று காட்டினேன். ரொம்ப நேரம் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே மச்சானிடம் சாமான் வாங்கிக்கொண்டிருந்த தன் சம்சாரத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: “அப்ப நேராப் போகணும்னா மொதல்ல வளைஞ்சு குடுக்கணும்ங்கிறீங்க. இது எனக்குக் கல்யாணம் ஆன மறுநாளே தெரியுமே பாய்!”

இந்த வில்லுக்கு

ஜெயமணி டீச்சர் முதன்முதலில் கடைக்கு வந்தது நல்ல குளிர் காலத்தில். ஏரிக்கு மேலே இருந்த ஒரு பெண்கள் பள்ளியில் டிரில் சொல்லிக்கொடுக்கத் தற்காலிகமாக வந்திருந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பள்ளியில் யாரோ விட்டுப்போன வில்கள் கிடந்ததால் வில்வித்தையும் அவர் தலையில் விழுந்தது. அது வேண்டாத செலவு என்பது தலைமை சிஸ்டரின் எண்ணம். மே மாதம் பெற்றோர்கள் கூடுகிற நாளில் டீச்சரே வில்லெடுத்து எல்லார் முன்னாலும் விட்டுக் காட்ட வேண்டும். பார்க்கும்படி இருந்தால் வகுப்பும் நீடிக்கும், டீச்சர் வேலையும் நிலைக்கும். இல்லாவிட்டால் இரண்டும் அதோடு சரி என்று சொல்லியிருந்தார்.

டீச்சருக்குத் திண்டுக்கல். அண்ணன் வீட்டில் அம்மாவை வைத்துப் பேசிய பேச்சுப் பொறுக்காமல், அம்மாவையும் கூட்டிக்கொண்டு மலையேறி, பெருமாள்மலையில் ஒரு அறை எடுத்து இருந்தார். வேலை போனால் மறுபடியும் அந்த அண்ணன் வாசலில்தான் போய் நிற்க வேண்டும். இதையெல்லாம் அவர் அழுது சொல்லவில்லை, விலாசம் சொல்வது மாதிரி சொன்னார். வில்லை மேஜைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “பாய், ஒசந்த அம்பு வேணாம். இந்த வில்லுக்கு எது சரியோ அதைக் குடுங்க. கீழ எங்களுக்குப் போறதுக்கு எடம் கெடையாது.”

இடது றெக்கை

டீச்சருடைய அம்புக்கு இறகு ஒட்ட வேண்டும். வான்கோழி இறகுதான் நன்றாக நிற்கும். அதிலும் ஓர் அம்புக்கு ஒட்டுகிற மூன்று இறகும் ஒரே பக்கத்து றெக்கையிலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும். இடது றெக்கை ஒரு பக்கம் சுருளும், வலது மறுபக்கம் சுருளும். கலந்து ஒட்டினால் அம்பு தள்ளாடும். ஒரு பங்களாவில் கிறிஸ்துமஸுக்கு வான்கோழி வளர்த்தார்கள். அங்கே சமையல் வேலை பார்த்த மரியதாஸிடம் சொல்லி வைத்தேன். இடது றெக்கை இறகாக மட்டும் பார்த்து, வெரசாக் கொண்டுவரச் சொன்னேன். கீழே உதிர்ந்து கிடப்பதில் பொறுக்குவார் என்று நினைத்தேன். மறுநாளே ஒரு கட்டு வந்துவிட்டது. அப்போதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அந்த வாரம் பங்களா அம்மா ஆள் அனுப்பிவிட்டார். போய்ப் பார்த்தால், வான்கோழிகள் சுவரிலிருந்து குதிப்பதும், காற்றில் ஒரு சுற்றுச் சுற்றித் தலைகுப்புற விழுவதுமாக இருந்தன. என்ன சீக்கோ என்று பயந்து அந்த அம்மா மாட்டு டாக்டருக்கும் சொல்லி அனுப்பியிருந்தார். நான் மரியதாஸைத் தனியாகக் கூப்பிட்டு, ஏன்யா உயிரோடு இருக்கிற கோழியிலா பிடுங்கினாய் என்று பல்லைக் கடித்தேன். அவர் கோழிகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “எடது மட்டும் போதும்னு நீங்கதானே பாய் சொன்னீங்க. இப்ப என்ன, வலதையும் புடுங்கிச் சமமாக்கிரட்டுமா?”

ஊருக்கே இடப்பக்கம்

அந்த அம்புகள் அற்புதமாகப் போயின. டீச்சர் சனிக்கிழமைதோறும் கடைக்கு வந்து, எது எங்கே பட்டது என்று சொல்லிவிட்டு ஒரு சுக்குக்காப்பி குடித்துவிட்டுப் போவார். அந்தச் சனிக்கிழமைகளை நினைத்தால் எனக்கு இப்போதும் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் கையில் அம்பு எத்தனை நாள் தாங்கும்? பங்குனி பிறப்பதற்குள் பாதி உடைந்தது, மீதி ஏரிச் சரிவில் தொலைந்தது. மே மாதத்துக்காகப் புது அம்புகள் முள் பார்த்துச் செய்து கொடுத்தேன். அதே மூங்கில், அதே கோடு.

எல்லாம் இடப்பக்கம் போயின. டீச்சருக்கு மட்டுமில்லை. அந்தச் சமயம் என்னிடம் வாங்கிய எல்லாருக்கும் இடப்பக்கம் பிடித்துக்கொண்டது. மச்சான் காற்று என்றார். பாதிரியார் மூங்கிலில் ஈரம் ஏறிவிட்டது என்றார். மற்றவர்கள் என்னைத் திட்டினார்கள், அது பழகினதுதான். டீச்சர் மட்டும் திட்டவில்லை. காலையும் மாலையும் பழகினார். இலக்குக்கு வலப்பக்கம் குறிபார்த்து இழுக்கக் கற்றுக்கொண்டார். அப்படியும் ஒன்று பட்டால் இரண்டு தப்பியது. கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய் வந்து நின்ற ஒருநாள் தன் இடதுகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அம்பு போன தடவை மாதிரியேதானே பாய் பண்ணீங்க? அப்ப என் கைதான் போயிருச்சு. கண்ணா, கையான்னுகூடத் தெரிய மாட்டேங்குது.”

டப்பா மூடவில்லை

பெற்றோர் நாளுக்கு முதல்நாள் மத்தியானம். சீசன் ஆட்களுக்குச் சாப்பாட்டு விடுதி நடத்திய பரிபூரணம் அம்மாள் சர்க்கரை டப்பாவை மச்சான் முன்னால் டமாரென்று வைத்தார். சர்க்கரை குறைகிறது என்று சண்டை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த அம்மாளுக்குக் கூடிப்போனதில் கோபம். டப்பாவில் பிதுங்கி நிற்கிறதாம், மூடி உட்கார மாட்டேன் என்கிறதாம், எறும்பு வருகிறதாம். மச்சான் பொறுமையாக விளக்கினார்: இப்போது ராத்தல் எல்லாம் கிடையாது, சர்க்கார் உத்தரவு, பழைய கல்லையெல்லாம் முத்திரை ஆபீசர் வாங்கிக்கொண்டு போய்விட்டார், இனிமேல் கிலோதான், இரண்டு ராத்தல் என்றால் ஒரு கிலோ. பஜாரில் எல்லாரும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தோம். சேர் போய், ராத்தல் போய், கிலோ வந்த புதிது. நாக்கே பழகவில்லை.

நான் என் பலகையைத் திரும்பிப் பார்த்தேன். அம்புக்கு நடுவில் பளபளவென்று புதுக்கல் தொங்கிக்கொண்டிருந்தது. ஆபீசர் வந்த அன்று மச்சான் என் கொக்கியிலிருந்த பழைய கல்லையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, எனக்குக் குறை வைக்கக் கூடாது என்று பிரியமாக ஒரு கிலோக் கல்லை மாட்டிவிட்டிருக்கிறார். டப்பா பிதுங்குகிறதென்றால் கிலோ இரண்டு ராத்தலைவிடக் கனம். பாரம் கூடினால் முள் கூட இறங்கும். கோடு வரை இறங்குகிறதே என்று நம்பி நான் விறைத்த மூங்கிலாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறேன். ஊரே இடப்பக்கம் போனது அதனால்தான். அந்த அம்மாள் இன்னும் முடிக்கவில்லை: “ரெண்டு ராத்தல்னா டப்பா கழுத்தோட நிக்கும்யா! ஒன் கிலோவும் அதுவும் ஒண்ணுன்னு நீ சொல்லலாம், என் டப்பா ஒத்துக்கணும்ல?”

ராத்தல் பாணு

பொழுது சாய்வதற்குள் புது அம்புகள் வேண்டும். தண்டு தயாராக நிறைய இருந்தது, இறகும் இருந்தது. இரண்டு ராத்தல் கல்தான் மலையில் எங்கேயும் இல்லை. வைத்திருந்தவர்களும் அபராதத்துக்குப் பயந்து இல்லை என்று சாதித்தார்கள். அப்போது மச்சானுக்கு ரொட்டி ஞாபகம் வந்தது. இலங்கையில் கண்டித் தோட்டத்தை விட்டு முன்பே திரும்பி வந்துவிட்ட அந்தோணி, பஜார் முனையில் ரொட்டிக்கடை போட்டிருந்தார். ரொட்டியை அந்த ஊர் வழக்கப்படி பாணு என்பார். அவர் ரொட்டி சுடுகிற தகரம் ராத்தல் தகரம். “எங்க பாணு ஒரு இம்மி கூடாது, கொறையாது. ராத்தல்னா ராத்தல்தான்” என்று சூடாக இரண்டை எடுத்துக் கொடுத்தார்.

இரண்டையும் நூலில் கட்டி அம்பின் நடுவில் தொங்கவிட்டேன். ஆவி பறந்தது. ரொட்டி ஆற ஆற எடை குறைகிறது, வெரசாப் பார் என்று மச்சான் முள்ளின்மேல் மூக்கை வைத்துக்கொண்டு விரட்டினார். கடை வாசலில் கூட்டம் கூடிவிட்டது. அந்த நேரம் பார்த்து, நான் சொல்லியனுப்பியதைக் கேட்டு டீச்சர் வந்தார். கல் மாறிப்போன கதையைச் சொன்னேன். அவர் என் மேஜை ஓரத்தில் கையை ஊன்றிக்கொண்டு கண்ணை மூடி நின்றார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. பிறகு கண்ணைத் திறந்து, தொங்குகிற ரொட்டியையும், மச்சானின் தராசுப் பக்கம் வரிசையாக இருந்த புதுக் கற்களையும் பார்த்தார். வகுப்பில் சொல்வது மாதிரியே மெதுவாகச் சொன்னார்: “அரைக் கிலோக் கல் ஒண்ணு, எரநூறு கிராம் ரெண்டு. தொள்ளாயிரம் ஆச்சு, ஏறக்குறைய ரெண்டு ராத்தல். ரொட்டியை அவுத்துருங்க பாய், எல்லாரும் சாப்பிடலாம்.”

முதல் சுற்று

மறுநாள் பள்ளி மைதானத்தில் கயிறு கட்டி, அதற்கு வெளியே எங்களை மாதிரி ஆட்களை நிறுத்தியிருந்தார்கள். பனிமூட்டம் விலகி வெயில் வந்துவிட்டது. டீச்சரின் அம்மா எனக்குப் பக்கத்தில், இலக்குக்கு முதுகைக் காட்டி ஏரியைப் பார்த்தபடி நின்றார். பார்க்க மாட்டாராம், முடிந்ததும் சொல்ல வேண்டுமாம். இரண்டு சுற்று. முதல் சுற்றில் டீச்சர் விட்ட அம்புகள் ஒன்று பாக்கியில்லாமல் வலப்பக்கம் போயின. இரண்டு அம்பு இலக்கையே தாண்டிப் புல்லில் குத்தின. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். தலைமை சிஸ்டர் மடியில் கையைக் கட்டிக்கொண்டார். “என்னங்க ஆச்சு?” என்று அந்த அம்மா ஏரியிடம் கேட்கிற மாதிரி கேட்டார். இன்னும் ஒரு சுற்று இருக்கிறது என்றேன்.

டீச்சர் அம்புகளைப் பிடுங்கிக்கொண்டு கயிற்றோரமாக வந்தார். போயும் போயும் அவசரத்தில் செய்தேனே, துவண்ட மூங்கிலைக் கொடுத்துவிட்டேனோ என்று நினைத்தேன். டீச்சர், மன்னிச்சுக்கோங்க என்று ஆரம்பித்தேன். அவர் முகத்தைப் பார்த்தால் சிரிப்பு. நான் பயந்தே போனேன். ஓர் அம்பைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே சொன்னார்: “அம்பு சரியாத்தான் போகுது பாய். இத்தன நாளா வலப்பக்கமே பாத்துப் பழகிட்டேன்ல, அந்தப் பழக்கம் விடல. இப்ப தப்பு என் கையிலதான். அப்பாடான்னு இருக்கு, கையை நான் பாத்துக்குவேன்.”

சிஸ்டரின் ஆர்டர்

இரண்டாவது சுற்றில் முதல் அம்பு இலக்கின் நடு மஞ்சள் வட்டத்தின் விளிம்பில் குத்தியது. அடுத்ததும் மஞ்சள். அதற்கடுத்ததும். கடைசி அம்புக்குக் கைதட்டல் எழும்பியபோதுதான் அந்த அம்மா திரும்பினார். இலக்கைப் பார்க்கவில்லை, மகளைத்தான் பார்த்தார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, யூகலிப்டஸ் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று மச்சானிடம் சொன்னேன். அவரும் அதே காற்றுதான் என்றார்.

அடுத்த வாரம் தலைமை சிஸ்டர் டீச்சரைக் கூட்டிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார். டீச்சரும் அம்மாவும் அந்த மாதமே பெருமாள்மலை அறையைக் காலி செய்து பள்ளி வளாகத்து வீட்டுக்கு மாறினார்கள். அதன்பிறகு எத்தனையோ வருஷம் டீச்சர் அங்கேதான் இருந்தார். சிஸ்டர் பலகையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். முள்ளைத் தொட்டுப் பார்த்தார். எங்கள் ரொட்டிக் கதை அவர் காதுவரை போயிருந்தது. சிரிக்காமல் ஆர்டர் கொடுத்தார்: “பிள்ளைங்க எல்லாருக்கும் ஒரு செட் வேணும். கல்லு வைப்பீங்களோ, ரொட்டி வைப்பீங்களோ, கேக் வைப்பீங்களோ, அம்பு நேராப் போகணும்.”

நேராகப் போன அம்புக்கெல்லாம் தங்கள் கையை மெச்சிக்கொண்டு, கோணிப்போன அம்புக்கெல்லாம் என்னைத் தேடி வந்தவர்களுக்கு நடுவில், கோணியதற்குத் தன் கையைச் சந்தேகப்பட்டவர் ஒரே ஒருவர்தான், அவருக்குப் போய்த்தான் நான் கிலோக் கல்லில் முள் பார்த்துக் கொடுத்திருந்தேன்.